பத்தை மறைக்கத் தொடங்கும் இடம்

"நேர்மையாக இருந்தால் பிசினஸில் பிழைக்க முடியுமா? என் மகளுக்கு எம்பிஏ ஒத்துவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவரும். ஆனால் நல்ல குணம் மட்டும் போதாது. கணக்கு எங்கே வளைகிறது என்று அவள் கண்ணில் படவும் வேண்டும்.

ஒருவருடைய தேவையைத் தீர்த்துவைத்து, அதற்கு அவர் மனமொப்பித் தரும் பணத்தில் நிலைப்பதுதான் வியாபாரம். லாபம் இல்லாமல் அது ஓடாது. வாங்கியவர் திரும்ப வருகிறாரா என்று பார்ப்பதை விட்டு, மாதக் கணக்கை மட்டும் துரத்தும்போது சறுக்கல் ஆரம்பிக்கிறது.

மாத இலக்கு 100, விற்றது 90 என்று வையுங்கள். அடுத்த மாதம் போகவேண்டிய 10 சரக்குக்கு இந்த மாதத் தேதியில் பில் போட்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள். அடுத்த மாதமும் 90தான் விற்றால், 10 ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டதால் மிச்சம் 80. இப்போது 20 இழுக்க வேண்டும், அதற்கடுத்து 30. பத்தை மறைக்க உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே முடிவதில்லை. 2009 ஜனவரியில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதம் சொன்னதும் இதைத்தான்: சிறு இடைவெளியாகத் தொடங்கியது ஆண்டுக்காண்டு பெருத்து, ஏட்டில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்பதில் வந்து நின்றது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் இலக்கை எட்டுவதற்காக வாடிக்கையாளர் கேட்காத கணக்குகளைத் திறந்தது 2016இல் வெளிவந்தபோது, சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஊழியர்கள். உங்கள் மகள் முதலில் உட்காரப்போகும் நாற்காலியும் அதுதான்.

ஆகவே, சேரும் முன் நிறுவனத்தின் ஐந்தாண்டு ஆண்டறிக்கைகளை எடுத்து, நிகர லாபத்துக்குப் பக்கத்தில் செயல்பாடுகளிலிருந்து, அதாவது அன்றாட வியாபாரத்திலிருந்து, கைக்கு வந்த ரொக்கத்தை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போய் ரொக்கம் வராமல் இருந்தால் காரணம் தேட வேண்டும். வேகமாக வளரும் நிறுவனத்தில் நியாயமாகவும் அப்படி இருக்கலாம். தணிக்கையாளர் பாதியில் விலகியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளட்டும்.

நேர்காணலில் ஒரு கேள்வி தவறாமல் கேட்கலாம்: "விற்ற பொருள் திரும்பி வந்தால் ஊக்கத்தொகையைப் பிடித்துக்கொள்வீர்களா?" ஆம் என்றால், அங்கே நிலைத்த விற்பனைக்கு மதிப்பிருக்கிறது.

சேர்ந்த பிறகு மேலாளர் வாய்மொழியாகத் தவறானதைச் செய்யச் சொன்னால், மறுத்துச் சண்டை போட வேண்டாம். "சரக்கு அடுத்த மாதம் 4ஆம் தேதிதான் கிளம்புகிறது, பில்லை இந்த மாதம் 31ஆம் தேதியிட்டுப் போடவா?" என்று மின்னஞ்சலில் கேட்கட்டும். எழுத்தில் பதில் தர வேண்டும் என்றதும் பல உத்தரவுகள் அப்படியே அடங்கிவிடும். அடங்காவிட்டால் விலகத் தெம்பு வேண்டும். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருந்தால்தான் அந்தத் தெம்பு வரும்.

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. அவளுடைய முதல் சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்காதீர்கள். "சரிப்படவில்லை என்றால் விட்டுவிட்டு வாம்மா" என்று வேலைக்குச் சேரும் நாளிலேயே சொல்லி அனுப்புங்கள்.