அடைக்கலம் தந்த நாட்டில் ஒரு டிவி சானல்

வணக்கம் ஐயா. எகிப்தின் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தினர் இஸ்தான்புல்லில் இருந்து நடத்திய சானல்களைப் பற்றி வீட்டில் ஒரே வாக்குவாதம். துருக்கி அதிபர் எர்துவானும் அவர்களும் ஒரே கருத்துக்காரர்கள்தானே, பிறகு ஏன் 2021இல் அவர்கள் வாயை அடைத்தார்? அவையெல்லாம் வெறும் பிரச்சாரம், போனால் போகட்டும் என்கிறான் மகன்.
வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

பிரச்சாரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சானல்கள் ஏன் பிறந்தன என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். 2013 ஜூலை 3 அன்று அந்த இயக்கத்தைச் சேர்ந்த எகிப்து அதிபர் முர்சியை ராணுவம் பதவியில் இருந்து இறக்கிய அதே இரவில் இயக்கத்தின் மிஸ்ர் 25 சானலையும் நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ராபியா சதுக்கத்தில் முர்சிக்காகக் கூடியிருந்தவர்களைப் படையினர் கலைத்தபோது குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் சொல்கிறது. அதை உரக்கப் பேச உள்ளே இடமில்லாதபோதுதான் மெகமலீன், வதன், அல் ஷர்க் எல்லாம் இஸ்தான்புல்லில் முளைத்தன (அல் ஷர்க்கை நடத்திய அய்மன் நூர் இஸ்லாமியவாதி அல்ல, லிபரல்). முர்சியை இறக்கிய ராணுவத் தளபதியும் பிறகு அதிபரானவருமான சீசியின் அலுவலகத்தில் பதிவானதாகச் சொல்லப்பட்ட பேச்சுகளை மெகமலீன் ஒளிபரப்பியபோது கெய்ரோவுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! அந்த வலிதான் அங்காராவுக்கு, அதாவது துருக்கி அரசுக்கு, தேவைப்பட்டது.

சரி, பிறகு ஏன் அடைத்தார்? கிழக்கு மத்தியதரைக் கடலின் எரிவாயு விஷயத்தில் எகிப்து, கிரீஸ், சைப்ரஸ், இஸ்ரேல் எல்லாம் ஒன்று சேர, துருக்கி தனித்து நின்றது. கெய்ரோவோடு சமாதானம் வேண்டும் என்றதும் முதலில் கொடுக்கச் சுலபமாகக் கையில் இருந்தது இந்தச் சானல்கள்தான். 2021 மார்ச்சில் தொனியைக் குறைக்கச் சொன்னார்கள், அப்புறம் முஅத்தஸ் மதர், முகம்மது நாசர் போன்ற தொகுப்பாளர்களின் நிகழ்ச்சிகள் நின்றன, 2022 ஏப்ரலில் மெகமலீன் துருக்கியை விட்டே கிளம்புவதாக அறிவித்தது. 2024 பிப்ரவரியில் எர்துவான் கெய்ரோவுக்கே போய்வந்தார். ஒரே கருத்து என்பது அரசுகளுக்கு இவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதா என்ன? லுசாக்கா, லுவாண்டா, ஆதிஸ் அபாபாவில் இருந்தெல்லாம், தடைசெய்யப்பட்ட நம் விடுதலை இயக்கமான ஏஎன்சியின் வானொலி ரேடியோ ஃப்ரீடம் பேசியது, அப்போது இங்கே தென்னாப்பிரிக்காவில் அதைக் கேட்டாலே குற்றம். மொசாம்பிக் அதிபர் சமோரா மஷேலைவிட நெருங்கிய தோழர் ஏஎன்சிக்கு யார்? ஆனாலும் 1984 மார்ச்சில் அவர் இங்கிருந்த நிறவெறி அரசின் தலைவர் போத்தாவோடு, ஒருவர் எதிரிக்கு மற்றவர் இடம் தருவதில்லை என்ற ங்கோமாட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, தன் தலைநகர் மாபுத்தோவில் ஒரு சிறு அலுவலகத்தை மட்டும் விட்டுவைத்து மற்றவர்களை வெளியேற்றினார். ஏஎன்சி அதில் அழியாததற்குக் காரணம் நாட்டுக்குள்ளே நிறவெறியை எதிர்த்த அமைப்புகளின் கூட்டணியான யுடிஎஃப் இருந்தது, தொழிற்சங்கங்கள் இருந்தன, அதே ஆண்டு செப்டம்பரில் ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே வால் முக்கோணப் பகுதி கிளர்ச்சியில் எரிந்தது. பாரிஸ் பக்கத்துக் கிராமத்தில் இருந்து 1978இல் ஈரான் புரட்சியின் தலைவர் கொமெய்னி பேசிய கேசட்டுகளையும் ஈரானில் பிரதியெடுத்துப் பரப்ப மசூதிக்கு மசூதி ஆள் இருந்தார்கள். எகிப்தில் அந்த ஆட்கள் ஆயிரக்கணக்கில் சிறையில் இருக்கிறார்கள், வெளியே மிஞ்சியது கேமராவும் ஸ்டூடியோவும்தான், அதன் சாவியும் அங்காராவின் கையில்.

ஆகவே எர்துவான் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அதைவிடப் பெரிய கோபம் கெய்ரோ மேல்தான். சொந்த ஊரில் பேச விட்டிருந்தால் எந்த எகிப்தியரும் இஸ்தான்புல்லில் ஸ்டூடியோ தேடிப் போயிருக்க மாட்டார்.