பெர்சியஸின் சூடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை இயற்பியல் மாணவி. பெர்சியஸ் என்ற விண்மீன் மண்டலக் கொத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் ஓசை என்று நாசா 2022இல் வெளியிட்ட ஒலிப்பதிவைக் கேட்டேன். அது உண்மையான ஓசைதானா? அந்தக் கருந்துளை சுற்றியுள்ள வாயுவை வெடித்துத் துரத்திவிடுவதால்தான் அங்கே புதிய விண்மீன்கள் அதிகம் பிறப்பதில்லை என்கிறார்கள். கணினி மாதிரிகளும் அதையே காட்டுகின்றனவாம். நம் பால்வெளிக்கும் அந்தக் கதி வருமா?

ர.

அன்புள்ள ர.,

சில நாட்களாகவே பெர்சியஸ்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் உங்கள் கடிதத்தைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை.

பால்வெளியைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். நம் கருந்துளை சிறியது, இன்றைக்குப் பெரும்பாலும் பட்டினி கிடக்கிறது. ஓசை உண்மைதான், ஆனால் யாரும் ஒலிவாங்கி வைத்துப் பதியவில்லை. சந்திரா தொலைநோக்கியின் எக்ஸ்ரே படங்களில் வாயு அலையலையாக அடர்ந்தும் தளர்ந்தும் தெரிகிறது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகள். அதை 57, 58 சுரஸ்தாயிகள் உயர்த்தித்தான் உங்கள் காதுக்குக் கொடுத்தார்கள்.

‘வெடித்துத் துரத்திவிடுவதால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. யார் துரத்தினார்கள்? வாயு அங்கேயே இருக்கிறது! கொத்திலுள்ள எல்லா விண்மீன்களின் நிறையையும் மிஞ்சும் அளவுக்கு, கோடிக்கணக்கான டிகிரிச் சூட்டில் நிறைந்து நிற்கிறது. எக்ஸ்ரேயாகச் சூட்டை இழந்துகொண்டே இருப்பதால் அது குளிர்ந்து, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களின் நிறை அளவுக்கு நடுவிலுள்ள என்ஜிசி 1275 என்ற விண்மீன் மண்டலத்தில் விழ வேண்டும். அதில் ஒரு சிறு பங்குதான் விண்மீனாகிறது. மீதி ஏன் குளிரவில்லை என்பதே கேள்வி.

‘மாதிரிகள் காட்டுகின்றன’ என்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கருந்துளையை ஒட்டி நடப்பதை அவ்வளவு பெரிய மாதிரிகளில் நேரடியாகக் கணக்கிட முடியாது. எனவே கருந்துளை தரும் சூட்டை ஒரு விதியாக எழுதிச் சேர்க்கிறார்கள். பெரிய விண்மீன் மண்டலங்கள் வானத்தில் இருக்கும் அளவுக்கு அமையும்வரை அந்த விதியை இறுக்கியும் தளர்த்தியும் பார்க்கிறார்கள். அவசியமான வேலைதான். ஆனால் தானே உள்ளே வைத்ததை வெளியே எடுத்துச் சான்று என்று நீட்டுவதை ஓர் இயற்பியல் மாணவி ஏற்றுக்கொள்ளலாமா?

ஆற்றல் போதும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. கருந்துளையின் அருகிலிருந்து பீறிட்டுப் பாயும் தாரைகள் வாயுவில் பெரிய குமிழிகளை ஊதியிருக்கின்றன. அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கிப் பார்த்தால், இழக்கும் சூட்டை ஈடுகட்ட அது போதுமானது. ஆனால் தாரை போவது இரண்டே திசைகளில், வாயுவோ எல்லாத் திசைகளிலும் இருக்கிறது. சூடு எப்படிப் பரவுகிறது? கணக்கு நேரானால் காரணம் தெரிந்துவிட்டதாக ஆகாது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அதைக் கேட்கத்தான் ஜப்பானின் எக்ஸ்ரே செயற்கைக்கோளான ஹிட்டோமி போனது. அதிலிருந்த கருவி ஒவ்வோர் எக்ஸ்ரே துகளும் விழும்போது ஏறும் நுண்ணிய சூட்டை அளக்கும். அதற்காக, வெப்பநிலையின் அடி எல்லையான தனிச்சுழிக்கு 0.05 டிகிரி மேலே அதைக் குளிர்வித்து வைத்திருந்தார்கள். இந்த வகைக் கருவியின் முதல் செயற்கைக்கோள் 2000இல் ராக்கெட் கோளாறால் சுற்றுப்பாதையை எட்டவே இல்லை. 2005இல் ஏவியதில் குளிர்விக்கும் ஹீலியம் சில வாரங்களில் தீர்ந்துபோனது. 2016 பிப்ரவரியில் ஏவிய ஹிட்டோமி, மார்ச் 26 அன்று, சுழலாதபோதே சுழல்வதாகத் தன்னைத் தவறாகக் கணித்தது. நிறுத்தப் பார்த்துச் சுழலத் தொடங்கி, தவறான கட்டளையால் இன்னும் வேகமெடுத்து உடைந்தது. செய்தியைப் படித்தபோது நான் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். ‘ஊரில் யாருக்காவது ஏதாவதா?’ என்று பக்கத்து இலைக்காரர் பதறினார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் அதற்குள் ஹிட்டோமி பெர்சியஸைப் பார்த்துவிட்டிருந்தது. அங்கே வாயுவின் கொந்தளிப்பு நொடிக்கு 164 கிலோமீட்டர்தான். அதன் அழுத்தம், வாயுவின் சூட்டால் வரும் அழுத்தத்தில் வெறும் 4 சதவீதம். குமிழிகள் கிளறிவிடும் வாயு, இவ்வளவு மெதுவாக நகர்ந்துகொண்டு, சூட்டை மையத்தின் எல்லா மூலைக்கும் கொண்டுபோக முடியாது. அப்படியென்றால் கொண்டுபோவது எது? வாயுவை அள்ளிச் செல்லாமலே அதனூடே வேகமாகப் பரவும் ஒலியலைகள் என்றே நான் நினைக்கிறேன். வேறு விதமாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் வேடிக்கையாகக் கேட்டுவிட்டு நகர்ந்த அந்த ஓசைதான் விடையாக இருக்கலாம், அம்மா!

2016 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த ஹிட்டோமி கட்டுரையைத் தேடிப் படியுங்கள். இரும்பின் நிறமாலைக் கோடுகள் அதில் இருக்கின்றன. வாயு கொந்தளித்தால் கோடு அகலும்; அந்த அகலத்திலிருந்து வேகத்தை நீங்களே கணக்கிட்டு எனக்கு அனுப்புங்கள். இரும்பு அணுக்களின் வெப்ப அசைவால் வரும் அகலத்தையும், கருவியால் வரும் அகலத்தையும் முதலில் கழித்துவிடுங்கள்.