ஆளில்லாத லயத்தை யார் வாங்குவார்?

கேள்வி: எனக்கு வயது 29. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைக்கிறேன். ஓய்வு நாளில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய், காலியாகிவிட்ட லயங்களையும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மிச்சமிருக்கும் பால்மரங்களையும் எடுக்கிறேன். பால்மரம் சீவியே எங்களை வளர்த்த அப்பா, "ஆளே இல்லாத வீட்டைப் படம் எடுத்தா எவன்டா வாங்குவான்?" என்று கேட்கிறார். இது கலைப் புகைப்படம் ஆகுமா? கேமராவை மாற்ற வேண்டுமா? என்ன விலை சொல்லலாம்? 12 படங்கள் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தம்பி, அப்பா கேட்டது நல்ல கேள்வி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜெர்மனியில் பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்று ஒரு கணவன் மனைவி. 1959இல் தொடங்கி பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் நிலக்கரிச் சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் எடுத்தார்கள். படத்தில் ஆள் இருக்க மாட்டார். வெயிலும் இருக்காது, மேகம் மூடிய நாளில்தான் எடுப்பார்கள். நேர் எதிரே நின்று, கோணல் இல்லாமல், ஒரே மாதிரி எடுத்த படங்களை வரிசை வரிசையாக ஒன்றாக மாட்டினார்கள். தனியாகப் பார்த்தால் வெறும் தொட்டி. ஒன்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வந்துவிடும். 1990இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தார்கள். அதுவும் சிற்பத்துக்கான விருது! அந்தச் சுரங்கங்களும் உலைகளும் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. நம் லயங்களின் கதையும் அதுதானே.

அவ்வளவு தூரம் போவானேன்? பினாங்கில் இஸ்மாயில் ஹாஷிம் (1940–2013) இருந்தார். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, அதன்மேல் கையால் மெல்லிசாக வண்ணம் தீட்டுவார். முடிதிருத்தும் கடை, சைக்கிள் என்று நாம் தினமும் பார்த்துக் கடந்துபோகிற சமாச்சாரங்கள்தான் அவருக்குப் பொருள்.

இனி உங்கள் படங்கள். 12இல் எட்டு எனக்குப் பிடிக்கவில்லை. செம்பனைக்குப் பின்னால் சூரியன் மறைவது, அம்மன் கோயில் கோபுரத்துக்கு மேலே செக்கச்செவேல் வானம்... எல்லாம் கல்யாண ஆல்பத்துக் கை. பார்த்தவுடன் "அழகு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் லயத்துக் கதவுகளை எடுத்த மூன்றும், வெட்டுத் தழும்போடு நிற்கிற அந்த ஒற்றைப் பால்மரமும் வேறு ரகம். மூன்றாவது கதவில், அஞ்சடி என்கிற முன்தாழ்வாரத்தின் தூணில் யாரோ பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டுக் குறித்திருக்கிறார்கள். அதை நீங்கள் கவனித்தீர்களா, தற்செயலாக விழுந்ததா? கவனித்திருந்தால் இன்னும் இரண்டடி முன்னால் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் கோபுரத்தையும் அந்தி வானத்தையும் விடுங்கள். கதவுகளை மட்டும் எடுங்கள். ஒரே லென்ஸ், ஒரே உயரம், ஒரே தூரம், முக்காலி கட்டாயம். 40 கதவு சேரட்டும். மொட்டை வெயிலில் அஞ்சடி கறுத்துப்போய் முற்றம் வெளுத்துவிடும். மழைக்கு முன் வானம் மூடுகிற அந்த அரைமணி நேரம்தான் உங்களுக்கு வெளிச்சம். பால்மரத்துக்கு வேறு கணக்கு. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலையுதிர்க்கும்போது போங்கள். மற்ற மாதங்களில் இருட்டாகக் கிடக்கிற தோப்புக்குள் அப்போதுதான் வெளிச்சம் தரைவரை இறங்கும். தோட்டம் இன்று யார் கையில் இருந்தாலும் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். இன்னும் குடியிருக்கிற வீடு என்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

கேமராவை மாற்ற வேண்டாம். உங்களுடையது 24 மெகாபிக்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலே 20 அங்குல அகலத்துக்கு அச்சு வரும். அந்தக் காசில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி ஒன்று வாங்குங்கள். நம் ஊர்க் காற்றுக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமலிருந்தால்தான் அதிசயம்.

நான் அதிகம் சொல்ல நினைப்பது அச்சைப் பற்றித்தான். கைப்பேசித் திரையில் இருப்பது இன்னும் படமாகவில்லை. முதல்முறை விற்ற ஆறு படங்களை நான் மலிவான பளபளப்புத் தாளில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் ஒருவர் கூப்பிட்டார்: "அண்ணே, வானம் ஊதாவாயிருச்சு." போய்ப் பார்த்தால் வானம் மட்டுமில்லை, படம் கண்ணாடியோடு ஒட்டியும் போயிருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அமிலமில்லாத பருத்தித் தாளும் நிறமி மையும்தான். ஹானமூலே போன்ற காகித ஆலைகளின், சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் விலை கூடத்தான். ஆனால் அஞ்சடி நிழலுக்குள் இருக்கிற ஐந்தாறு கறுப்பையும் அது தனித்தனியாகக் காட்டும். முதலில் கையகலத் துண்டு ஒன்றை அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இருட்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் உங்கள் கணினித் திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருக்கிறது என்று அர்த்தம். சட்டம் போடும்போது படத்தைச் சுற்றி அட்டை வைத்து, கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

எத்தனை பிரதி என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஐந்து என்றால் ஐந்துதான். அடி ஓரத்தில் 1/5, 2/5 என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தும் விற்ற பிறகு மாமா கேட்டாலும் ஆறாவது கிடையாது. விலையா? பெஹர் தம்பதியிடம் படித்த ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி ரைன் ஆற்றை எடுத்த படம் ஒன்று 2011இல் 43 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அதிலும் ஆளில்லை, அப்பாவிடம் சொல்லுங்கள். நீங்கள் தாள், மை, சட்டம் ஆகிய செலவைக் கூட்டி, அதைப் போல மூன்று மடங்கில் தொடங்குங்கள். என் கணக்கு அது, விதி ஒன்றும் இல்லை. நாலு காசு கூடக் கிடைத்தால் சந்தோஷம். கல்யாண வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கல்யாணப் படங்களைக் கண்காட்சியில் வைக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போகும். முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லயத்துப் படங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 40 சேர்ந்ததும் கோலாலம்பூர் பாலாய் செனி நெகாராவின் (தேசியக் கலைக்கூடம்) 'பக்காட் மூடா செசாமான்' போட்டிக்கு அனுப்பிப் பாருங்கள். 1974இலிருந்து இளம் கலைஞர்களுக்காக நடக்கிறது.

அப்புறம், அடுத்த முறை போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஒற்றை மரத்தின் தழும்பில் ஒரு பக்கம் வழவழவென்று இருக்கிறது, மறுபக்கம் முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தினால் பட்டை அப்படித்தான் வளரும். எந்தப் பக்கம் யார் கை என்று அவர் சொல்லக்கூடும். எந்தக் கதவுக்குள் யார் குடியிருந்தார்கள் என்று கட்டாயம் சொல்வார். சொன்னதை அப்படியே அச்சின் பின்பக்கம் எழுதிவையுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை தாளில் ஊறிவிடும்.