காதுக்குப் பின்னால் கல் மாதிரி ஒரு மேடு

கேள்வி: ஏழு வயது மகனுக்கு எண்ணெய் தேய்க்கும்போது இரண்டு காதுக்குப் பின்னாலும் கல் மாதிரி மேடு தட்டுப்பட்டது. போனில் தேடினால் எலும்புப் புற்றுநோய் என்று வருகிறது. தூக்கமே இல்லை. பொடுகும் உண்டு. கண்மாயில் குளித்ததிலிருந்து இரண்டு வாரமாக வலது காதில் சீழ். பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் விடுகிறேன். மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்தும் வாங்கினேன். – ஒரு தாய், மேலூர்

பதில்: உங்கள் காதுக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள் அம்மா, அங்கேயும் இருக்கும். வீட்டுக்காரருக்கு இன்னும் பெரிதாக இருக்கும். பொட்டெலும்பின் முனை அது; மாஸ்டாய்டு என்போம். பிறக்கும்போது இந்த மேடு கிடையாது. தலை நின்ற பிறகு கழுத்துத் தசை இழுக்க இழுக்க வளர்வது. போன் சொன்ன புற்றுநோயை இத்தோடு விடுங்கள். பொடுகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் பட்டாணி மாதிரி உருண்டால் அது பெரும்பாலும் பேனாலோ தலைப்புண்ணாலோ கட்டிய நெறி.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தச் சீழ்தான் விஷயம். மாஸ்டாய்டு வெளியே கல் மாதிரி இருந்தாலும் உள்ளே தேனடை போலக் காற்றறைகள். நடுக்காதிலிருந்து அவற்றுக்கு வழி உண்டு. சீழும் அதே வழியில் போகும். அப்படிப் போனால் காதுக்குப் பின்னால் தோல் சிவந்து வீங்கும், அமுக்கினால் பையன் கத்துவான், காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். அவனை முதுகு காட்டி உட்காரவைத்து, இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அந்த எலும்புக்கு அந்தப் பக்கம் மூளை. வாய் ஒரு பக்கம் கோணுவது, விடாத தலைவலியோடு வாந்தி, எழுப்பினாலும் சரியாக முழிக்காமல் கிடப்பது, இவையும் அதே அவசரம்தான். இன்னொன்று: சீழ் திடீரென்று நின்று, காய்ச்சலும் வலியும் ஏறினால் அது குணமானதல்ல.

இப்போது இதெல்லாம் இல்லையா? சரி. இருந்தாலும் இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். பூண்டை ரசத்தில் போடுங்கள், காதில் வேண்டாம். சீழ் வருகிற காதில் பெரும்பாலும் ஜவ்வில் ஓட்டை இருக்கும். ஊற்றுவது நேரே உள்ளே போகும். மெடிக்கல் சொட்டும் அப்படித்தான். ஓட்டை இருக்கும்போது சில மருந்துகள் கேட்கும் சக்தியையே கெடுத்துவிடும். காது காய்ந்ததாக டாக்டர் சொல்லும்வரை கண்மாய்ப் பக்கம் அனுப்பாதீர்கள். தலைக்கு ஊற்றும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காது வாயில் வையுங்கள்.

டாக்டரிடம் போகிற அன்று காதைக் குடைந்து சுத்தம் செய்து கூட்டிப்போகாதீர்கள். சீழ் எப்படி இருக்கிறதென்று அவர் பார்க்க வேண்டும். அந்தச் சொட்டு மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.