20 வருட அனுபவம் சரி, பதிவு எண் எங்கே?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பணிக்கொடைப் பணம் வந்திருக்கிறது. வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர், ‘நிதி ஆலோசகர், 20 வருட அனுபவம்’ என்று விசிட்டிங் கார்டு கொடுத்திருக்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அனுபவத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், டீச்சர். வங்கியில் நகைக்கடன் பார்த்தவருக்கும் 20 வருடம்தான், கேஷ் கவுன்டரில் இருந்தவருக்கும் 20 வருடம்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல வேண்டுமானால், 2013-இல் வந்த விதிகளின்படி பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கு என்.ஐ.எஸ்.எம். என்ற செபியின் பயிற்சி நிறுவனம் நடத்தும் 10-ஏ, 10-பி தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். அந்த கார்டில் இருக்கிறதா பாருங்கள்.

ஏ.ஆர்.என். என்று ஒரு எண் இருந்தால், அவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். தப்பே இல்லை, அவரும் அதே நிறுவனத்தின் 5-ஏ தேர்வு எழுதி, ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு வாங்கியவர்தான். ஆனால் அவருக்கு வருமானம் ஃபண்ட் கம்பெனி தரும் கமிஷன், நீங்கள் போட்ட பணம் அங்கே இருக்கும்வரை அது வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் விநியோகஸ்தர்கள் ‘சுயேச்சையான நிதி ஆலோசகர்’ என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2020-இல் செபி சொல்லிவிட்டது.

இரண்டும் இல்லாமல் காப்பீட்டு ஏஜென்ட் உரிமம் மட்டும் இருந்தால், அவர் பாலிசி விற்கலாம், அவ்வளவுதான். என் சித்தப்பா ஓய்வு பெற்ற மாதம் இப்படி ஒருவரை நம்பினார். ஒரே தவணை என்று நினைத்து, வருடா வருடம் கட்ட வேண்டிய பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வருடம் தவணை நோட்டீஸ் வந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அவரிடம் நேராகவே கேளுங்கள்: “உங்கள் பதிவு எண் என்ன, உங்களுக்குப் பணம் தருவது யார்?” ஒழுங்கானவர் கோபப்பட மாட்டார். எண்ணை வாங்கி, செபி அல்லது ஆம்ஃபி இணையதளத்தில் போட்டு, பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஃபண்ட் விண்ணப்பத்தின் மேல்பகுதியில் ஏ.ஆர்.என். என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அவர் எண் இருந்தால் கமிஷன் அவருக்குப் போகிறது என்று அர்த்தம். அப்புறம், செக்கை ஃபண்டின் பெயருக்கு மட்டும் எழுதுங்கள், அவர் பெயருக்கு வேண்டாம். “இவ்வளவு வட்டி நிச்சயம், நான் கேரண்டி” என்றாலோ, கட்டணத்தை ரொக்கமாகக் கேட்டாலோ அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். இதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும், அவசரமே இல்லை.