தாட்சர் வந்துதான் பிரிட்டன் பிழைத்ததா?

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முப்பது வருடம் இலவச மருத்துவம், அரசு வீடு, தொழிற்சங்க அட்டகாசம் என்று தொழிற்கட்சி பிரிட்டனைக் குட்டிச்சுவராக்கியது. மார்கரெட் தாட்சர் வந்துதானே நிமிர்த்தினார்? (வாசகர், கோவை)

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1945 முதல், தாட்சர் பிரதமரான 1979 வரை 34 வருடம். அதில் ஏறத்தாழ சரிபாதி ஆண்டது தாட்சரின் கன்சர்வேடிவ் கட்சி. வருடத்துக்கு 3 லட்சம் வீடு என்று வாக்குக் கொடுத்து 1953இல் கட்டியும் காட்டியவர், சர்ச்சில் மந்திரிசபையில் வீட்டுவசதியைக் கவனித்த மேக்மில்லன். அவற்றில் பெரும்பாலானவை நீங்கள் கரித்துக்கொட்டும் அரசு வீடுகள். 1970இல் கன்சர்வேடிவ் பிரதமர் ஹீத் அரசில் கல்வி அமைச்சராக இருந்தவர் யார்? சாட்சாத் தாட்சரேதான். ஏழு வயது தாண்டிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்துவந்த இலவசப் பாலை நிறுத்தி 'பால் திருடி' என்று பெயர் வாங்கினார். அதே அம்மையார்தான், நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்காத பொதுப்பள்ளிகளுக்கு வேறு எந்தக் கல்வி அமைச்சரையும்விட அதிகமாக அனுமதி கொடுத்தவர். இதை அவருடைய ரசிகர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்.

குட்டிச்சுவர் என்கிறீர்களே, 1950களிலும் 60களிலும் அங்கே வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஆள் போதாமல் கரீபியன் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் தருவித்தார்கள். ஜெர்மனி அளவுக்கு வேகமாக வளரவில்லை, 1949இலும் 1967இலும் பவுண்டின் மதிப்பைக் குறைக்க நேர்ந்தது. அதை மறுக்கவில்லை.

1970களில் நிலைமை மோசமானதும் உண்மை. 1973இல் எண்ணெய் விலை நாலு மடங்காகியது. நிலக்கரித் தொழிலாளர்களோடு நடந்த இழுபறியில் தொழிற்சாலைகளுக்கு வாரம் மூன்று நாள்தான் மின்சாரம் என்றானது. 1975இல் பணவீக்கம் 24 சதவீதம். 1978-79 குளிர்காலத்தில் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் குப்பை மலையாகக் குவிந்தது, லிவர்பூலில் பிணம் புதைக்க ஆளில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் தங்கள் சொந்தக் கட்சியின் அரசையே கவிழ்க்கும் அளவுக்குக் கண்மண் தெரியாமல் நடந்துகொண்டார்கள். அதற்குச் சப்பைக்கட்டு கட்டமாட்டேன்.

ஆனால் சிக்கனக் கத்தியை முதலில் எடுத்தவர் தாட்சர் அல்ல, அவருக்கு முந்தைய தொழிற்கட்சிப் பிரதமர் கேலஹன். 1976இல் சர்வதேச நாணய நிதியத்திடம் 390 கோடி டாலர் கேட்டுப் போனபோதே, செலவழித்து மந்தத்திலிருந்து மீளும் காலம் முடிந்தது என்று கட்சி மாநாட்டில் சொல்லிவிட்டார். நிலக்கரிச் சுரங்கங்களிலும் அப்படித்தான்: தாட்சர் காலத்தைவிட தொழிற்கட்சிப் பிரதமர் வில்சன் காலத்தில் மூடியவை அதிகம். வில்சன் காலத்தில் சுரங்கத்தை விட்டவனுக்கு வேறு வேலை கிடைத்தது. 1984-85 வேலைநிறுத்தம் தோற்று வெளியே வந்தவனுக்கு யார்க்‌ஷயரில் என்ன இருந்தது?

தாட்சர் பணவீக்கத்தை அடக்கினார், சங்கங்களின் பல்லைப் பிடுங்கினார். அதற்கு விலை, 1982இல் 30 லட்சத்தைத் தாண்டிய வேலையில்லாதோர். சரியாக அந்த நேரத்தில்தான் வடகடல் எண்ணெய் கொட்டியது. 1984-85இல் மட்டும் அரசுக்கு அதில் வந்தது சுமார் 1,200 கோடி பவுண்டு. கேலஹனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நார்வே பிற்பாடு தன் எண்ணெய்ப் பணத்துக்குத் தனி நிதி வைத்துச் சேர்த்தது. பிரிட்டன் வரவைச் செலவிலேயே கரைத்தது.

கடைசியாக, நீங்கள் முதலில் குறிப்பிட்ட இலவச மருத்துவம். 1982இல் அதை எடுத்துவிட்டுத் தனியார் காப்பீட்டைக் கொண்டுவரலாம் என்று அரசின் ஆலோசனைக் குழு எழுதிய குறிப்பு வெளியே கசிந்தது. மந்திரிசபைக்குள்ளேயே கலகம். அடுத்த மாதம் கட்சி மாநாட்டு மேடையில், தேசிய மருத்துவ சேவை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று தாட்சரே சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பதினொன்றரை வருடம் ஆண்டார். அதன்மேல் கை வைத்து மூட அவருக்கே துணிவு வரவில்லை.