குழுவைக் கலைத்துவிடட்டுமா?

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர்-இயக்குநர் ஜாஸ் வீடன் உருவாக்கிய தொலைக்காட்சித் தொடர்களுக்கான இணைய ரசிகர் குழு ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறேன். இப்போது அட்மினும் நான்தான். அவரோடு வேலை செய்த நடிகைகள் அவரைப் பற்றிச் சொன்னவை வெளியானதிலிருந்து குழு இரண்டாகக் கிடக்கிறது. ஒரு பக்கம், அவர் பெயரையே எடுக்காதே என்கிறார்கள். இன்னொரு பக்கம், பேசிய பெண்களையே திட்டுகிறார்கள். குழுவில் எனக்குக் கிடைத்த நெருங்கிய தோழி ஒருவர், "பிடிக்கலைன்னா கிளம்பு" என்று யாரோ சொன்னதும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறிவிட்டார். எனக்கும் பழைய எபிசோடுகளைப் பார்க்கும்போது குற்ற உணர்வாக இருக்கிறது. குழுவைக் கலைத்துவிடட்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வி குழுவைப் பற்றித்தான், ஆனால் மனதை அறுத்துக்கொண்டிருப்பது அந்தத் தோழி போனதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் முதல் வேலை, இன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள். குழுவுக்குத் திரும்பி வரச் சொல்லிக் கேட்காதீர்கள். "அன்றைக்கு அந்த ஆள் அப்படிச் சொன்னபோது நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை, மன்னித்துவிடு" என்று மட்டும் சொல்லுங்கள். அட்மினாக இருந்துகொண்டு நீங்கள் பேசாமல் இருந்தது அவருக்குக் கண்டிப்பாக வலித்திருக்கும். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இதில் சரிசெய்ய முடிந்தது இது ஒன்றுதான், அது உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்து அந்தக் குற்ற உணர்வு. 2021 பிப்ரவரியில் நடிகை கரிஸ்மா கார்ப்பெண்டர், வீடனின் 'பஃபி', 'ஏஞ்சல்' தொடர்களின் படப்பிடிப்புத் தளங்களில் வீடன் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று வெளிப்படையாக எழுதினார். அதே நாளில் பஃபியாகவே நடித்த சாரா மிஷெல் கெல்லர் என்ன எழுதினார் என்று நினைவிருக்கிறதா? பஃபி சம்மர்ஸ் என்ற பெயரோடு தன் பெயர் சேர்ந்திருப்பதில் பெருமைதான், ஆனால் வீடன் பெயரோடு காலம் முழுக்கச் சேர்த்துப் பேசப்பட விரும்பவில்லை என்றார். ஏழு சீசன், 144 எபிசோடு அந்தப் பாத்திரத்தைச் சுமந்தவர் அவர். அவரே பாத்திரத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதரை இன்னொரு கையால் தள்ளி வைக்க முடிந்திருக்கிறது என்றால், பதின்ம வயதில் அந்தத் தொடரைப் பார்த்துத் தைரியம் பெற்ற ஒரு ரசிகைக்கு மட்டும் அந்த உரிமை இல்லாமல் போகுமா?

அப்புறம், தொலைக்காட்சித் தொடரை ஒரே ஆளின் படைப்பாகப் பேசும் பழக்கத்தை ரசிகர்களாகிய நாம்தான் வளர்த்துவிட்டோம். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். 'பஃபி'யின் கடைசி இரண்டு சீசன்களை அன்றாடம் நடத்தியவர் மார்ட்டி நாக்ஸன். நாம் சிரித்துச் சிரித்துப் பார்த்த 'பேண்ட் கேண்டி' எபிசோடை எழுதியவர் ஜேன் எஸ்பென்சன். வீடனின் விண்வெளித் தொடரான 'ஃபயர்ஃப்ளை'யில் விண்கப்பல் பழுதாகி, கேப்டன் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த எபிசோடு இருக்கிறதே, என்னைக் கேட்டால் முழுத் தொடரிலும் அதுதான் உச்சம், அதை எழுதியவர் டிம் மினியர். அதே தொடரின் 'ஜெயின்ஸ்டவுன்' எபிசோடு பென் எட்லண்ட் எழுதியது. இசை, ஒளிப்பதிவு, உடை, சண்டைக்காட்சி என்று இன்னும் எத்தனை பேர். வீடனின் பங்கைக் குறைத்துச் சொல்ல வரவில்லை, 'பஃபி'யில் வசனமே இல்லாமல் பெரும்பகுதி நகரும் எபிசோடான 'ஹஷ்', பின்னணி இசையே இல்லாத 'த பாடி' இரண்டையும் எழுதி இயக்கியது அவர்தான், இரண்டும் அபாரமானவை. அதையும் ஒளிக்க வேண்டாம். நன்றாக எழுதத் தெரிந்தவர் கூட வேலை செய்தவர்களை நோகடித்திருக்கவும் முடியும், இதில் ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பொய்யாக்க முடியாது. 2022 ஜனவரியில் வந்த ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவர் தன் தவறுகள் சிலவற்றை ஒத்துக்கொண்டார், சில குற்றச்சாட்டுகளை மறுத்தார். அதைப் படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்பு எழுதும் பொறுப்பை உங்கள் குழு எடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. பார்க்க முடிந்தால் பாருங்கள். முடியவில்லை என்றால் ஒரு வருடம் தள்ளி வையுங்கள். உங்கள் தோழிக்கு இனி ஒருபோதும் பார்க்க முடியாமல் போகலாம், அவரிடம் அதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

சரி, குழு. கலைப்பது தப்பில்லை. இதே மனிதரின் ரசிகர்கள் 2002 முதல் கூடியிருந்த ஒரு பெரிய இணையதளத்தை, அவருடைய முன்னாள் மனைவி அவர்மீது குற்றம்சாட்டி எழுதிய கட்டுரை வெளிவந்த சில நாட்களில், 2017 ஆகஸ்டில், நடத்தியவர்களே மூடினார்கள். பதினைந்து வருட உழைப்பு. அவர்களைக் கோழைகள் என்று நான் நினைக்கவில்லை.

அதே சமயம் இன்னொரு கதையும் இருக்கிறது. 'ஃபயர்ஃப்ளை' எடுக்கப்பட்டது 14 எபிசோடு, 2002இல் ஒளிபரப்பானது 11தான், அதிலும் முதலில் வரவேண்டியதைக் கடைசியில் போட்டார்கள். அந்த அரைகுறைத் தொடரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ரசிகர்களால்தான் 2005இல் அது 'செரினிட்டி' என்ற திரைப்படமாக வந்தது. 2006இலிருந்து அதே ரசிகர்கள் அந்தப் படத்தை ஊர் ஊராகத் திரையிட்டு, பெண்களின் உரிமைகளுக்காக இயங்கும் 'ஈக்வாலிட்டி நவ்' அமைப்புக்குப் பணம் திரட்டினார்கள். வீடன் ஆதரித்த அமைப்பு என்பதால் ஆரம்பித்தார்கள், உண்மைதான். ஆனால் அரங்கு பிடித்ததும் டிக்கெட் விற்றதும் நாற்காலி அடுக்கியதும் ரசிகர்கள். அந்தப் பணம் போய்ச் சேர்ந்த பெண்களுக்கு அது உதவியது உதவியதுதான். உங்கள் குழுவில் இத்தனை வருடங்களில் யார் யாருக்கோ வேலை போனபோதும், வீட்டில் யாரோ இறந்தபோதும் நடு ராத்திரியில் பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள் இல்லையா? அதில் வீடனுக்கு எந்தப் பங்கும் கிடையாது.

அதனால் என் யோசனை, இப்போதைக்குக் கலைக்காதீர்கள், முதலில் குழுவின் பெயரை மாற்றுங்கள். அவர் பெயர் அதில் இருக்கிறதென்றால் எடுத்துவிட்டுத் தொடர்களின் பெயரையோ உங்களுக்குள் புழங்கும் ஏதாவது ஒரு சொல்லையோ வையுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மனிதரைக் கொண்டாட வந்தவர்களும் தொடரைப் பேச வந்தவர்களும் தாமாகவே பிரிந்துவிடுவார்கள். நடிகைகளை ஏளனம் செய்கிறவரை ஒரு முறை எச்சரியுங்கள், அடுத்த முறை நீக்குங்கள், அவர் எத்தனை வருட உறுப்பினராக இருந்தாலும் சரி. வீடன் பெயரையே எடுக்கக் கூடாது என்பவர்களிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள், நடந்ததைப் பேசாமல் மறைத்தால் பேசிய பெண்களும் சேர்ந்தே மறைந்துபோவார்கள். மூன்று மாதம் இப்படி நடத்திப் பாருங்கள். அட்மின் வேலையையும் இன்னும் இரண்டு பேரோடு பகிர்ந்துகொள்ளுங்கள், தனி ஆளாக இதைத் தாங்கவே முடியாது.

அப்படியும் சண்டைதான் மிஞ்சுகிறது என்றால் மூடிவிடுங்கள், ஆனால் ஒரே ராத்திரியில் வேண்டாம். அங்கே உறுப்பினர்கள் எழுதிய கதைகள், எபிசோடு குறிப்புகள், வரைந்த படங்கள் எல்லாம் இருக்கும், பலரிடம் வேறு பிரதியே இருக்காது. தேதி சொல்லுங்கள், குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுங்கள். வெளியேறியவர்களுக்கும் தனித்தனியாகச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் தோழி எழுதியவற்றை மட்டும் நீங்களே எடுத்து வைத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.